இருபத்தைந்து வயது ஆதவன்

குயில்தோப்புக்குப் பேருந்து நிழற்குடை வந்த அன்று தேங்காய் உடைத்தவள் சுகந்திதான். குடியிருப்பின் பெண்கள் சங்கத்தில் அவள் குரல்தான் பெரியது. மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவளும் அவள்தான். ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்து, அங்கிருந்த சனங்களை நகரத்துக்கு வெளியே எட்டு மாடிக் கட்டடங்களில் கொண்டுவந்து அடைத்த அரசாங்கம், அவர்கள் வேலைக்குப் போகப் பேருந்து விட்டதே தவிர, அதற்காகக் காத்து நிற்க ஒரு கூரை போடவில்லை. வெயிலிலும் மழையிலும் நின்று சலித்துப் போயிருந்த நேரத்தில்தான் பிராந்தியும் சோடாவும் விற்கும் பனிச்சாரல் நிறுவனம் வந்தது. உட்கார இருக்கை, மேலே மின்விசிறி, செல்போன் சார்ஜ் போட வசதி, பெண்கள் பயமில்லாமல் நிற்க வெளிச்சம். எல்லாம் இலவசம். பதிலுக்கு அவர்கள் கேட்டது நிழற்குடையின் சுவர்களை மட்டும்.

மது விளம்பரங்களுக்கு இருந்த பழைய தடையை நீக்கிவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்திருந்த காலம் அது. புதுச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: இருபத்தொரு வயது நிரம்பாதவர் கண்ணில் மது விளம்பரம் படக் கூடாது. பழைய பலகைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. நிழற்குடைச் சுவர்களில் பனிச்சாரல் பொருத்திய தனித்திரையால் முடிந்தது. அந்தச் சுவர் எதிரே வருகிறவரின் முகத்தையும் நடையையும் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். பிறகு அவர் கண்களுக்கு மட்டும் ஒரு படத்தையும், காதுகளுக்கு மட்டும் ஒரு குரலையும் அனுப்பும். பக்கத்தில் தோள் உரசி நிற்பவருக்கு வேறு படம், வேறு குரல். பெரியவர்களுக்குப் பனிச்சாரல் பிராந்தி. சின்னவர்களுக்குப் பனிச்சாரல் சோடா. இடையிடையே மற்றக் கம்பெனிகளின் விளம்பரங்களும் ஓடும். நிறுவனம் அதைத் தனித்திரை என்றது. சனங்கள் போர்டு என்றார்கள்.

திறப்பு விழாவில் எல்லாருக்கும் குளிர்ந்த சோடா கொடுத்தார்கள். சுகந்தியின் மகன் ஆதவன் இரண்டு பாட்டில் வாங்கி ஒன்றைத் தங்கை மகிழினியிடம் கொடுத்தான். இலவசமாக சார்ஜ் போட வேண்டுமானால் முகத்தைப் பதிய வேண்டும் என்றார்கள். அவன் போனை முகத்துக்கு நேரே பிடித்து, வந்த கேள்விகளை எல்லாம் படிக்காமலே சம்மதம் சம்மதம் என்று தட்டினான். அம்மாவின் போனையும் தங்கையின் போனையும் வாங்கி அவற்றிலும் தட்டிக் கொடுத்தான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது.

இரண்டு வருடம் கழித்துக் கல்குவாரிக் குட்டையில் அவன் பிணமாக மிதந்தான். கூடப் போன பையன்களோடு கரையில் உட்கார்ந்து குடித்திருக்கிறான். அக்கரைக்கு நீந்திக் காட்டுகிறேன் என்று இறங்கியிருக்கிறான். சுகந்தி போய்ச் சேர்ந்தபோது அவனைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் பனிச்சாரல் பாட்டில்கள் கிடந்தன. ஒன்றில் பாதி மீதம் இருந்தது.

"அது அவன் பாட்டில்தான் சார். முழுசாக்கூட குடிக்கல" என்று ஒரு பையன் போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

எப்போதோ திருப்பூருக்குப் போய் வேறு குடும்பம் நடத்திக்கொண்டிருந்த அவன் அப்பா, பிணத்தை எடுக்கும் நேரத்துக்கு வந்து, சாம்பல் ஆறுவதற்குள் திரும்பிப் போனார்.

அதன் பிறகு சுகந்தி சங்கத்துக்குப் போகவில்லை. ஒரு ஐ.டி. கம்பெனி கேன்டீனில் அவளுக்குச் சப்பாத்தி போடும் வேலை. காலையில் போவாள், மாலையில் வருவாள். வீட்டில் அவளும் மகிழினியும் ஆதவனைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் யார் முதலில் உடைவது என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

ஒரு வருடம் போனது. மகிழினி பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். ஒரு நாள் மதியம் பள்ளியிலிருந்து ரெஜினா டீச்சர் போன் செய்தார். அறிவியல் பாடம் எடுப்பவர், வகுப்பாசிரியையும் அவர்தான்.

"மகிழினி அம்மாங்களா? வீட்டுல ஏதாவது பிரச்சனையா?"

"இல்லையே டீச்சர். என்ன ஆச்சு?"

"தினமும் முதல் பீரியட் முடிஞ்சுதான் வர்றா. கேட்டா பஸ் இல்லைங்கறா."

"அவ எனக்கு முன்னாடியே கிளம்பிடுறாளே டீச்சர்."

மறுநாள் சுகந்தி வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு மகளுக்குப் பின்னாலேயே இறங்கினாள். மகிழினி நேராக நிழற்குடைக்குப் போய் ஓர இருக்கையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பேருந்து வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. மகிழினி சிரித்தாள். உதடுகள் அசைந்தன. ஏதோ சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். மறுபடி சிரித்தாள். ஒரு வருடமாக அந்த முகத்தில் சுகந்தி பார்க்காத சிரிப்பு. முதலில் யாராவது பையனாக இருக்கும் என்று நினைத்தாள். எதிரே யாருமில்லை.

அவள் போய் மகள் தோளில் கை வைத்தாள்.

"யாரைப் பாத்துடி சிரிக்கிற?"

"யாரையும் இல்லம்மா."

"ரெண்டு பஸ் போயிடுச்சு. நான் பாத்துக்கிட்டுதான் நிக்கிறேன்."

 மகிழினி சுவரைக் காட்டினாள். "அண்ணன் இருக்கான்மா அதுல."

சுகந்தி பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த படத்தில் ஒரு பெண் சமையல் எண்ணெயில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுல?"

"இதுலதான். என்னைக் கொசுன்னு கூப்பிடுறான்."

சுகந்தி அறைந்துவிட்டாள். இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொசு என்பது வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர். சின்ன வயதில் அண்ணன் காதோரமாகவே சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் அவன் வைத்தது. அவனைக் கொண்டுபோய் எரித்த நாளிலிருந்து அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அன்றே அவளை இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

ரெஜினா டீச்சர் மகிழினியை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, சுகந்தியை ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்தார்.

"உங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா. அவ பாத்தது நிஜம். இந்த வகுப்புல ஒவ்வொரு பிள்ளையையும் தனியா கூப்பிட்டுக் கேட்டுட்டேன். ஒரு பையனுக்கு சவூதியில இருக்கிற அப்பா தெரியறார், வீட்டுக்கு வந்து எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடுற மாதிரி. இன்னொருத்தனுக்கு பிளஸ் டூ படிக்கிற ஒரு பொண்ணு. ஒரு பிள்ளைக்கு அவளே தெரியறா, இன்னும் கொஞ்சம் ஒல்லியா, சிவப்பா. யார் தெரிஞ்சாலும் கையில அதே பாட்டில்."

"சோடாதானே டீச்சர் அது?"

"சோடாதான். பாட்டில் ஒண்ணு, நிறம் ஒண்ணு, மூடி திறக்கிற சத்தம் ஒண்ணு. இத்தனை வருஷமும் அந்த பாட்டில் மேல ஆசையை வளத்துட்டு, இருபத்தொண்ணு முடியற அன்னைக்கு உள்ள இருக்கிறதை மட்டும் மாத்துவாங்க. அதுவரைக்கும் பொறுக்க முடியாத பிள்ளைங்க தாங்களே மாத்திக்கிறாங்க."

சுகந்தி குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்குத் தான் யாரிடம் இதைச் சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. 

"செத்துப்போனவன் எப்படி டீச்சர் பேசுவான்?" என்று சுகந்தி கேட்டாள்.

"அவன் முகம் அவங்ககிட்ட இருக்கு. போன்ல பேசினது, தங்கச்சிக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இருக்கும். அதை வச்சு மிச்சத்தை அதுவே செஞ்சுக்கும்."

"இதை யாரும் கேக்க முடியாதா?"

"நான் புகார் குடுத்தேன். ஒரு அதிகாரி வந்து அரை மணி நேரம் போர்டு முன்னாடி நின்னார். அவருக்கு மூட்டுவலி தைலம் தெரிஞ்சிருக்கு. ஆட்சேபணைக்குரிய விளம்பரம் எதுவும் இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டார். பிள்ளைங்க பாக்கிறதைப் பெரியவங்க பாக்கவே முடியாது. அதுதான் அதோட சாமர்த்தியம்." டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பள்ளிச் சுற்றுச்சுவரிலேயே ஒரு போர்டு இருந்தது. அதன் கீழே கடைக்காரர் சோடா பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். "நான் குடியிருக்கிற பக்கம் இது ஒண்ணுகூட இல்ல. அங்க யாருக்கும் இலவச நிழற்குடை தேவைப்படல."

அந்த வாரமே சுகந்தி பனிச்சாரல் அலுவலகத்தைத் தேடிப் போனாள். வழி நெடுக எப்படிச் சண்டை போடுவது என்று யோசித்துக்கொண்டே போனாள். மாநகராட்சியில் அதிகாரிகளைத் திணற அடித்த அந்தப் பழைய குரல் திரும்பியிருந்தது. ஆனால் அங்கே சண்டை போட ஆள் கிடைக்கவில்லை. ஹேமலேகா என்ற ஒரு சின்னப் பெண் எழுந்து வந்து, அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவள் சொன்னதை முழுவதும் கேட்டாள். கேட்கும்போது அவள் கண்கள் கலங்கக்கூடச் செய்தன.

"இதை நாங்க நெருங்கிய முகம்னு சொல்லுவோம் மேடம். நடிகர் வந்து சொன்னா இப்பல்லாம் யாரும் கண்டுக்கறதில்ல. மனசுக்கு நெருங்கினவங்க சொன்னா நின்னு கேக்கறாங்க. யார் முகம்னு இங்க யாரும் உக்காந்து முடிவு பண்றதில்ல. எந்த முகத்தைக் காட்டினா அவங்க நகராம நிக்கிறாங்களோ, அதை சிஸ்டமே எடுத்துக்கும்."

"எம் பையன் செத்துட்டான்மா."

"அது சிஸ்டத்துக்குத் தெரியாது மேடம். குடும்பத்துல யாராவது பதிவு பண்ணாதான் தெரியும்."

"உங்க சரக்கைக் குடிச்சுதான் செத்தான்."

ஹேமலேகா திரையில் எதையோ தேடிப் படித்தாள். "அவருக்கு அப்ப பத்தொன்பது வயசு. நான் இப்ப பார்த்துட்டேன் மேடம். ஒரு தடவைகூட அவருக்கு மது விளம்பரம் காட்டப்படல. சோடா மட்டும்தான்." அந்தத் தாய்க்கு இது கொஞ்சம் நிம்மதி தரும் என்று நம்பித்தான் அவள் அதைச் சொன்னாள்.

சுகந்திக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. 

"அழிச்சிடுங்க" என்றாள்.

"கண்டிப்பா மேடம். நீங்க விரல் வச்சா போதும். அவரோட முகம், குரல் எல்லாமே எல்லா இடத்துலயும் அழிஞ்சிடும். பிறகு எங்களாலகூடத் திரும்ப எடுக்க முடியாது."

அவள் நீட்டிய கைரேகைக் கருவியருகே சுகந்தி விரலைக் கொண்டுபோனாள். தொடவில்லை. அவளிடம் இருந்தவை சில புகைப்படங்கள், ஒரு சின்ன வீடியோ. அதில்கூட அவன் முதுகைத்தான் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஒரு தடவை காட்டும்மா. எம் பொண்ணு என்ன பாத்தான்னு நான் பாக்கணும்."

"அவங்களுக்குத் தெரிஞ்சதை உங்களுக்குக் காட்ட முடியாது மேடம். அவங்க வயசு வேற. உங்களுக்கானதுதான் உங்களுக்கு வரும்."

"எனக்கு எண்ணெய்தான வருது."

"நீங்க மது வாங்கறவங்க இல்லைன்னு உங்களை விட்டு வச்சிருக்கோம். நீங்க சம்மதிச்சா இங்கயே பார்க்கலாம்."

ஒரு சிறிய அறைக்கு அவளை அழைத்துப் போனாள். சுவருக்கு முன்னால் ஒற்றை நாற்காலி. கதவு மூடியது.

ஆதவன் வந்தான்.

அவள் எதிர்பார்த்த ஆதவன் அல்ல. தோள் அகன்றிருந்தது. கன்னத்தில் ஒட்ட வெட்டிய தாடி. முன்நெற்றி மேலேறி அப்படியே அவள் அண்ணனுடைய நெற்றி போல ஆகியிருந்தது. புருவத்தின் மேல், சின்ன வயதில் படிக்கட்டில் விழுந்து போட்ட தையல் தழும்பு மட்டும் அதே இடத்தில் இருந்தது. முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தான். வேலைக்குப் போய்வந்த ஆண்பிள்ளையின் களைப்பு முகத்தில் இருந்தது. ஒரு மேசையில் உட்கார்ந்து கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினான். மூடி திறந்த சத்தம் அவள் காதுக்குள் கேட்டது.

"அம்மா, சாப்பிட்டியா?" என்றான். "நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை. கால் கடுக்குதுல்ல? வா, செத்த நேரம் என்கூட உக்காரு."

குரல் கொஞ்சம் கனத்திருந்தது. வயது ஏறினால் அப்படித்தான் கனத்திருக்கும்.

அவள் வெளியே வந்தபோது ஹேமலேகா கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"அவன் இப்படி இருந்ததில்லையே. இவ்வளவு பெரியவனா..."

"மது விளம்பரத்துல வர்றவங்க இருபத்தஞ்சு வயசுக்குக் குறைஞ்சவங்களா தெரியக் கூடாதுன்னு சட்டம் இருக்கு மேடம். அதனால சிஸ்டம் வயசைக் கூட்டிடும். சட்டத்தை நாங்க ஒருபோதும் மீறினதில்ல." அவள் கருவியை நீட்டினாள். "விரல் வைக்கிறீங்களா?"

சுகந்தி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணுக்கு மட்டும் நிறுத்து" என்றாள்.

"உங்களுக்கு?"

"எனக்கு இருக்கட்டும்."

"தாராளமா மேடம். நீங்க பெரியவங்க, அது உங்க விருப்பம்."

மறுநாள் காலை மகிழினி வழக்கமான ஓர இருக்கையில் போய் உட்கார்ந்தாள். முகப்பரு கிரீம் ஒன்று வந்தது. பிறகு ஒரு பேனா. பிறகு மறுபடி கிரீம். பேருந்து வந்து போனது. அவள் எழுந்து சுவருக்கு மிக அருகே போய் நின்றாள், பின்னால் தள்ளி வந்து நின்றாள், பக்கவாட்டில் நின்றாள். மாலையில் சுகந்தி வீட்டுக்கு வந்தபோது அவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா பண்ண?"

"நிறுத்தச் சொல்லிட்டேன். அது உங்கண்ணன் இல்லடி. யாவாரம்."

"எனக்குத் தெரியாதா அது யாவாரம்னு?" மகிழினி சத்தம் போடவில்லை. "அது அவன் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? முதல் தடவை அவனா போனான். இந்தத் தடவை நீ அனுப்பிட்ட."

அதற்குப் பிறகு அவள் சரியான நேரத்துக்குப் பள்ளிக்குப் போனாள். சுகந்தியிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். கைச்செலவுக்குக் கொடுத்ததில் எல்லாம் பனிச்சாரல் சோடாவாக வாங்கி, காலி பாட்டில்களைக் கட்டிலுக்கு அடியில் வரிசையாக அடுக்கினாள். ரெஜினா டீச்சர் போன் செய்து, நல்ல காரியம் செய்தீர்கள், இப்போது நேரத்துக்கு வந்துவிடுகிறாள் என்று பாராட்டினார்.

சுகந்தி மாலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. நிழற்குடையில் உட்கார்வாள். முதல் சில நாட்கள் ஆதவன் நெடுநேரம் பேசினான். அன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டான். அவள் சொல்லும் பதிலுக்கு ஏற்ப அவன் முகம் மாறியது. பிறகு அவன் வருவது குறையத் தொடங்கியது. பாதிப் பேச்சில் எழுந்து போனான். சில நாள் தலையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு மறைந்தான். எதிர்ச்சாரியில் பனிச்சாரல் கடை இருந்தது. அவள் ஒரு நாள் அங்கே போய், முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு ஒரு பாட்டில் வாங்கினாள். மறுநாள் நாலைந்து பேருந்துகள் வந்து போகும் வரை ஆதவன் இருந்தான்.

வாங்கினால்தான் அவன் நிற்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்து பாத்திரம் துலக்கும் தொட்டியில் கொட்டினாள். வாடை போகும் வரை தண்ணீர் விட்டாள். சில வாரங்கள் அப்படி நடந்தது. பிறகு ஒரு நாள், கேன்டீனில் இரண்டு பேர் வராததால் அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு வந்த நாள், அவள் கொட்டவில்லை. கால் கடுப்பு நிஜமாகவே குறைந்தது. அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ட்யூஷன் முடிந்து வந்த மகிழினி ஒரு மாலையில் அம்மாவைப் பார்த்துவிட்டாள். நிழற்குடையின் ஓர இருக்கை. அம்மா சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இல்லடா, சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகிழினி பக்கத்தில் வந்து நின்றது தெரிந்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

"எனக்கு நிறுத்திட்டு நீ பாக்குறியா?"

 மகள் கத்துவாள், திரும்பிப் போய்விடுவாள் என்று சுகந்தி எதிர்பார்த்தாள். மகிழினி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பார்க்கும் இடத்தில் முகப்பரு கிரீம் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா இருக்கான்?"

"தாடி விட்டிருக்கான்."

"அவனுக்கா?" மகிழினிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. "நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. மாமா மாதிரி நெத்தி. சட்டையை மடிச்சு விட்டிருக்கான்."

"என்னைப் பத்திக் கேட்டானா?"

அந்த ஆதவன் அவளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சிறுவர்களைப் பற்றி அந்த விளம்பரத்தில் எதுவும் வரக் கூடாது என்பதும் சட்டம்தான். சுகந்திக்கு அது தெரியாது. "கேட்டான்" என்றாள்.

அன்றிலிருந்து தாயும் மகளும் மறுபடி பேசத் தொடங்கினார்கள். மாலையில் இருவரும் அங்கேயே சந்தித்துக்கொண்டார்கள். சுகந்தி சுவரைப் பார்த்துக் கேட்டுச் சொல்வாள். மகிழினி அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். பேருந்தில் அந்த வழியாகப் போன ரெஜினா டீச்சர் ஒரு நாள் ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்தார். இருவரும் ஒட்டி உட்கார்ந்து சிரிப்பதைக் கண்டு அவருக்கு மனசு நிறைந்தது. கையசைத்தார். மகிழினியும் கையசைத்தாள்.

குடித்த நாளில் அம்மா நிறையச் சொல்கிறாள், குடிக்காத நாளில் இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொள்கிறாள் என்பதை மகிழினி சீக்கிரமே கவனித்தாள். அம்மா குடித்தால்தான் அண்ணன் பேசுவான் போலிருக்கிறது என்று நினைத்தாள். கொஞ்ச நாளில், அம்மா வாங்கிவைத்த பாட்டிலிலிருந்து தன் பள்ளித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்துவருவதை அவளே செய்தாள். சோடாவும் அவளே கலந்தாள். எவ்வளவுக்கு எவ்வளவு என்பது கை அளவாகவே பழகிவிட்டது. கேன்டீனில் சுகந்தி போட்ட சப்பாத்திகள் கருகின. மேலாளர் முதலில் கூப்பிட்டுக் கண்டித்தார், அப்புறம் வேலையை விட்டு நின்றுவிடச் சொன்னார். அவள் குடியிருப்பிலேயே இரண்டு வீடுகளுக்குப் பாத்திரம் துலக்கப் போனாள்.

மழைக்காலம் தொடங்கியபோது ஆதவன் வரவில்லை. ஒரு நாள் இல்லை, மறுநாளும் இல்லை. வழக்கம்போல வாங்கினாள், குடித்தாள். வரவில்லை. சுகந்தி ஹேமலேகாவுக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் அவளை மறந்திருக்கவில்லை.

"எப்படி இருக்கீங்க மேடம்? ஒரு நிமிஷம், பார்த்துச் சொல்றேன்." பிறகு சொன்னாள்: "பயப்படாதீங்க, எதுவும் அழியல. நீங்க இப்ப தினமும் வாங்கறவங்க ஆயிட்டீங்க. அப்படிப்பட்டவங்களுக்கு விளம்பரம் போடறது வீண் செலவுன்னு சிஸ்டம் நிறுத்திக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்."

"அப்ப அவன் வரமாட்டானா?"

"நீங்க வாங்கறதை நிறுத்தினா மறுபடி வரலாம் மேடம். ஒரு சில மாசம் ஒண்ணும் வாங்காம இருந்தீங்கன்னா."

சுகந்தி நிறுத்தினாள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் கை நடுங்கியது. பாத்திரம் துலக்கப் போன வீட்டில் ஒரு பீங்கான் தட்டு விழுந்து உடைந்தது. வேர்த்துக் கொட்டியது, வாந்தி வந்தது. அவனைப் பார்க்க வேண்டும், அதற்காகவாவது பொறுத்துக்கொள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மதியம் வரை பொறுத்தாள். பிறகு கடையில் போய் நின்றாள்.

அன்று மாலை தூறல் விட்டிருந்தது. மகிழினி பள்ளி முடிந்து வீட்டுக்குப் போய்விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் அவன் ஒன்றும் பேசவில்லை என்றே அம்மா சொல்லிவந்ததில் அவள் முகம் வாடியிருந்தது.

"இன்னிக்காவது ஏதாவது சொல்றானாம்மா?"

சுகந்தி சுவரைப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு டாக்டர், கல்லீரல் பரிசோதனைக்குச் சலுகை விலை என்று அவளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தாமதிக்க வேண்டாம் என்றார். அவர் முகம் அவளுக்கு நெருங்கிய யாருடைய முகமும் அல்ல.

"இன்னும் வாயத் திறக்கல" என்றாள்.

மகிழினி பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து அம்மாவின் கையில் வைத்தாள். நடுங்கிய கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

"குடிம்மா. நீ குடிச்சாதான அவன் பேசுவான்."

சுகந்தி குடித்தாள். நடுக்கம் மெல்ல அடங்கியது. டாக்டர் போய், மறுபடி அதே டாக்டர் வந்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"கொசு நல்லா வளந்துட்டாளேன்னு சொல்றான்."

மகிழினி சுவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பாட்டிலில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி அம்மாவிடம் நீட்டினாள்.

"இன்னும் பேசச் சொல்லும்மா."